வெள்ளிக்கிழமைக் கதைகளும் சரோஜா அத்தையும்

மழைக்காலத்தில் வெயிலே படாமல் நிழலில் காய்ந்த பழந்துணிக்கு ஒரு வாடை உண்டு. ஈரமும் பார் சோப்பும் கலந்து மூக்கில் புளிப்பாக ஏறுகிற வாடை அது. எங்கள் வீட்டுப் பின்பக்கத்து விறகு அறையில், தகரக் கூரைக்கு அடியில் கயிறு கட்டி, யார் கண்ணிலும் படாதபடி மேலே ஒரு பழைய பாவாடையைப் போர்த்தி, சரோஜா அத்தை தன் துணிகளைக் காயப்போடுவாள். கார்த்திகை மாதத்தில் திருவண்ணாமலையில் மலை உச்சியே மேகத்துக்குள் போய்விடும் நாட்களில் அந்தத் துணி காயவே காயாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வாடைதான் அத்தையின் வாடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு நோயின் வாடை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சரோஜா அத்தை என் அப்பாவின் தங்கை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிப் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கற்பூரமும் தேங்காயும் பூவும் வாங்கக் கூட்டம் நெரியும். அந்தக் கடையில் கை வைக்கிற பெண் “சுத்தமா” இருக்க வேண்டும். மாதத்தில் மூன்று நாள் “தூரம்” என்றால் ஒதுங்கி உட்கார்ந்துவிட்டு, நான்காம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம். கல்யாணமாகிச் சில வருஷங்களில் அத்தைக்கு அந்த மூன்று நாள் பத்து நாளாகி, பத்து நாள் இருபதாகி, நான்காம் நாள் என்ற ஒன்றே வராமல் போனது. தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்த அன்று சாயங்காலமே மறுபடியும் ஒதுங்க வேண்டியிருக்கும். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்களுக்கு மூன்று நாள்தான் தெரிந்திருக்கிறது, அதற்கு மேல் போனால் ஒரு பெண்ணை என்ன செய்வதென்று யாரும் யோசித்து வைக்கவில்லை. “நிக்கிற வரைக்கும் அண்ணன் வீட்ல இருக்கட்டும்” என்று அவள் மாமியார் சொல்ல, மாமா ஒரு டிரங்குப் பெட்டியோடு அத்தையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்.

எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். விறகு அறையில் ஒரு பாய், தனித் தட்டு, தனித் தம்ளர். என் அம்மா கெட்டவள் இல்லை. அத்தைக்குப் பிடிக்குமென்று வாரத்தில் இரண்டு நாளாவது கத்தரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைப்பாள், மழை ஜாஸ்தியான நாட்களில் தன்னுடைய கம்பளியைக் கொடுத்தனுப்புவாள். ஆனால் அத்தை அங்கே இருந்த எட்டு மாதத்தில் ஒருமுறைகூட அவள் அத்தையின் தோளைத் தொட்டு நான் பார்த்ததில்லை. சோறு கொண்டுபோகிற வேலை என்னுடையது. “மேல படாம வெச்சுட்டு வா” என்று ஒவ்வொரு வேளையும் சொல்வாள். தெரியாமல் பட்டுவிட்டால் கிணற்றடியில் நிற்கவைத்து என் தலையில் இரண்டு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றப்படும். டாக்டரிடம் காட்டலாமா என்று அப்பா ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தபோது, “ஊரு வாய மூட உலைமூடி இருக்கா? நாலு பேருக்குத் தெரிஞ்சா அவ மாமியா வூட்ல சேத்துக்குவாங்களா?” என்று அம்மா கேட்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடலை மண்டிக்குப் போய்விட்டார். அத்தை வெளுத்துக்கொண்டே வந்தாள், படியேறினால் மூச்சு வாங்கினாள். எங்கள் வீட்டில் அதற்கு “ஒடம்பு சரியில்ல” என்று மட்டும் பெயர்.

நான் படித்தது கன்னிகாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளி. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர், பச்சைத் துணி சுற்றிய பலகையில் காகிதப் படங்களை ஒட்டிக்காட்டி ஏசுவின் கதைகளைச் சொல்வார். நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அது சாமி கதை என்பதைவிட, வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டாத ஒரு மணி நேரம். அந்தக் கார்த்திகையில் டீச்சர் வரிசையாகப் பெண்களின் கதைகளாகவே சொல்லிக்கொண்டு வந்தார். அன்றன்று சாயங்காலம் தட்டை வைத்துவிட்டு, வாசற்படிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கதையை நான் அத்தைக்குச் சொல்வேன். அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பாள். அந்த எட்டு மாதத்தில் அவளிடம் உட்கார்ந்து பேசிய ஆள் நான் ஒருத்திதான்.

அத்தைக்கு வாய் கொஞ்சம் துடுக்கு, நோய் அதை மட்டும் தொடவில்லை. சீடர் ஒருவரின் மாமியார் காய்ச்சலில் படுத்திருந்ததையும், ஏசு கையைப் பிடித்துத் தூக்கியதும் காய்ச்சல் விட்டுப்போய், அந்த அம்மாள் உடனே எழுந்து எல்லோருக்கும் பரிமாறியதையும் நான் சொன்னபோது, “அதானே பாத்தேன்! காச்ச வுட்ட ஒடனே சோறாக்க எழுந்துட்டாளா? எந்த ஊரா இருந்தா என்னா, பொம்பளைக்கு அதான்டி” என்று புரையேறச் சிரித்தாள். பதினெட்டு வருஷமாகக் கூன் விழுந்து நிமிர முடியாமல் இருந்த பெண்ணின் கதையைச் சொன்ன வாரம் அவள் சிரிக்கவில்லை. “பதினெட்டு வருசமும் தரையதான் பாத்துகினு இருந்திருப்பா. நிமிந்ததும் மொதல்ல யாரு மூஞ்சிய பாத்தாளோ” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர் பன்னிரண்டு வருஷமாக உதிரப் போக்கால் கஷ்டப்பட்ட பெண்ணின் கதையைச் சொன்னார். நோய் என்னவென்று சொல்லாமல் “ரொம்ப நாள் வியாதி” என்று தொடங்கினார். முன்வரிசையிலிருந்து யாரோ “என்னா வியாதி டீச்சர்?” என்று விடாமல் கேட்க, குரலைத் தாழ்த்தி, ரத்தம் போய்க்கொண்டே இருக்கிற வியாதி, அப்படிப்பட்டவர்களை அந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை உலகத்திலேயே எங்கள் வீட்டு விறகு அறையில் மட்டும்தான் அந்த வியாதி இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண் இருந்ததையெல்லாம் வைத்தியர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, ஏசுவின் உடையின் ஓரத்தைத் தொட்டாலே போதும் என்று கூட்டத்துக்குள் நுழைந்து பின்னாலிருந்து தொட்டாள், தொட்டதும் நின்றுவிட்டது. என்னைத் தொட்டது யார் என்று அவர் திரும்பிக் கேட்க, அவள் நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து எல்லோர் எதிரிலும் உண்மையைச் சொன்னாள். அவர் அவளைக் கோபிக்காமல் மகளே என்று கூப்பிட்டு அனுப்பிவைத்தார். இதைக் கேட்டதும் நான் எழுந்து நின்று கேட்டேன்: “டீச்சர், அதுக்கப்புறம் ஏசு குளிச்சாரா?”

வகுப்பே சிரித்தது. நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தீட்டுப் பட்டால் குளிக்க வேண்டும் என்பது எனக்கு மழை பெய்தால் நனையும் என்பதைப் போல நிச்சயமான விஷயம். ஸ்டெல்லா டீச்சர் சிரிக்கவில்லை. “இல்லம்மா, குளிக்கல. அங்கிருந்து நேரா ஒரு வீட்டுக்குப் போனாரு. அங்க பன்னெண்டு வயசுப் பொண்ணு ஒண்ணு செத்துக் கெடந்துது. அது கையப் புடிச்சு எழுப்பினாரு” என்றார். தூரத் தீட்டோடு சாவு வீட்டுக்கும் போனாரா, அங்கேயும் தொட்டாரா, இரண்டுக்கும் சேர்த்தாவது ஒரு முழுக்குப் போட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு அவர் மேல் பெரிய கவலையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் அத்தை சோற்றில் கை வைக்கவே இல்லை. ஒன்றொன்றாகக் கேட்டாள். எத்தனை வருஷமென்று கேட்டு, பன்னிரண்டு என்றதும் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு நான்கு வருஷம் முடிந்திருந்தது. “அத்தினி வருசமும் அவளுக்கு யாரு சோறு போட்டாங்களாம்?” எனக்குத் தெரியவில்லை. “வைத்தியரையெல்லாம் பாத்தாளா? அப்ப அவ என்னைவிட மேலு.” இதைச் சொல்லும்போது அவள் குரலில் பொறாமை இருந்தது, நிஜமான பொறாமை. “கூட்டத்துல பூந்து போனாளே, யாருக்கும் தெரியலயா?” “எல்லாரும் இடிச்சுகினுதான் போனாங்களாம் அத்தே. ஓரத்தத் தொட்டாலே போதும்னு நெனச்சாளாம்.” கடைசியாக அத்தை, “மகளேன்னா கூப்ட்டாரு?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் தேர். எங்கள் ஊரில் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்களும் ஓடும். அதில் அம்மன் தேரைப் பெண்கள் மட்டும்தான் இழுப்பார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வருகிற கிழவிகளும், கலெக்டர் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்களும், கையில் புது வளையல் அடுக்கிய பெண்களுமாக மாட வீதி முழுவதும் பெண்களின் தலையாகத்தான் தெரியும். அத்தை கல்யாணத்துக்கு முன்பு ஒரு வருஷம்கூட வடம் பிடிக்கத் தவறியதில்லையாம். அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் தேருக்குக் கிளம்ப, அத்தைக்கு மட்டும் மத்தியானச் சோற்றோடு கேழ்வரகு அடையும் வைத்துவிட்டு, வாசலைப் பூட்டி, கொல்லைக் கதவை மட்டும் தாழ் போடாமல் விட்டுவிட்டு வந்தோம்.

பெரிய தேர் நிலைக்கு வந்த பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில் அம்மன் தேர் கிளம்பியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வடத்துக்குப் பக்கத்தில் போய்விட்டாள். நாலு அடி நகர்வதும் நிற்பதுமாகத் தேர் வந்து, வீதித் திருப்பத்தில் வழக்கம்போல் அசையாமல் நின்றது. அப்போதுதான் பார்த்தேன். வடத்தின் அந்தப் பக்கம், அம்மாவின் கரும்பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, முக்காடு மாதிரி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சரோஜா அத்தை கூட்டத்துக்குள் புகுந்து வந்துகொண்டிருந்தாள். இரண்டு பெண்களின் நடுவே கையை நீட்டி வடத்தைத் தொட்டாள். இழுக்கவில்லை, தொட்டாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் எதையும் யோசிக்கவில்லை. “அத்தே!” என்று தொண்டை கிழியக் கத்திவிட்டேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. தீட்டோடு அம்மன் தேர் வடத்தைத் தொட்டுவிட்டாள், தேர் வேறு நிற்கிறது! அத்தை எங்களைப் பார்த்தாள். ஓட நினைத்தாளோ என்னவோ, ஒரு அடி பின்னால் வைத்தவள் கால் மடங்கி அப்படியே தார் ரோட்டில் சரிந்தாள். கரும்பச்சைச் சேலையில் ஒன்றும் தெரியவில்லை. குதிகாலில் வழிந்ததுதான் தெரிந்தது. சுற்றியிருந்தவர்கள் விலக, நடுவில் கொஞ்சம் இடம் விழுந்தது. யாரோ “ஐயையோ, தீட்டு” என்றார்கள்.

அம்மா என் கையை விட்டாள். வடத்தைக் குனிந்து தாண்டிப் போய், ரோட்டிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, அத்தையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “தள்ளுங்கடி, காத்து வரட்டும்! தண்ணி யாராவது குடுங்க!” என்று கத்தினாள். “இன்னாமா ஆச்சு?” என்று ஒரு பெண் போலீஸ் கேட்டதற்கு, எட்டு மாதம் அண்டை வீட்டுக்குக்கூடத் தெரியாமல் பொத்தி வைத்திருந்ததை, அத்தனை பேர் எதிரிலும் அம்மா உரக்கச் சொன்னாள்: “ரத்தம் போவுதுங்க. நாலு வருசமா போவுது. நாங்க ஒண்ணும் பண்ணல.” சொல்லிவிட்டு அழுதாள். அதன் பிறகு பெண்கள்தான், யார் யாரோ, ஆளுக்கொரு பக்கமாக அத்தையைத் தூக்கிக்கொண்டு, திருவிழாவுக்காக வீதியோரம் போட்டிருந்த மருத்துவக் கூடாரத்துக்கு ஓடினார்கள். தீட்டு என்று சொன்ன பெண்ணும் ஒரு காலைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

கூடாரத்தில் இருந்த லேடி டாக்டர் அத்தையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, “இவங்க இத்தினி நாளா எங்க இருந்தாங்க?” என்று கோபமாகக் கேட்டார். “பக்கத்துலதான் இருந்தா” என்றாள் அம்மா.

தேர் அப்புறம் நகர்ந்துவிட்டது. அந்தத் திருப்பத்தில் அது எல்லா வருஷமும் நிற்கும். ஆனாலும் தெருவில் பேச்சு கிளம்பியது. அப்பா பயந்துபோய், எங்களுக்குத் தெரிந்த ஒரு குருக்களிடம் போய்ப் பரிகாரம் கேட்டார். குருக்கள், “அது பொம்மனாட்டிங்க இழுக்கற தேரு. அம்பாளுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சுடப் போறது? போய்த் தங்கைய கவனியுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா நேராக, அத்தையைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தார். தேர் அன்று ராத்திரி அம்மா வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக்குப் போகிறாளா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். போனாள், சேலையெல்லாம் ரத்தமாக இருக்கும்போது குளிக்காமல் என்ன செய்வாள்? எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில், எழுந்து உட்கார முடியாத அத்தைக்கு அம்மா தயிர்ச்சோற்றைப் பிசைந்து தன் கையாலேயே ஊட்டினாள். அத்தை மென்றுகொண்டே அவள் விரலையே பார்த்தாள்.

கர்ப்பப்பையில் கட்டிகள் என்றார்கள். ரத்தம் ஏற்றித் தேற்றி, மூன்று வாரம் கழித்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அந்த மூன்று வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் கதையால்தான் அத்தை கூட்டத்துக்குள் போனாள், செத்துப்போனால் அந்தப் பழி என்னுடையது என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெந்தேன். கடைசியில் ஸ்டெல்லா டீச்சரிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் அன்று சாயங்காலமே ஒரு டஜன் வாழைப்பழத்தோடு வார்டுக்கு வந்து, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை நன்றி எதுவும் சொல்லவில்லை, ஒரு கேள்விதான் கேட்டாள். “சரியாகிப் போச்சே, அந்தப் பொம்பள அப்பறம் எங்க போனா டீச்சர்? வூட்ல சேத்துகினாங்களா?” “அது எழுதலம்மா” என்றார் டீச்சர்.

சேர்த்துக்கொள்ளவில்லை, அத்தையை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் மாமியார் வேறு கணக்குப் போட்டுவிட்டாள், தை பிறந்ததும் மாமாவுக்கு இன்னொரு கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டில் நடுக்கூடத்திலேயே அத்தைக்குப் படுக்கை போட்டாள் அம்மா. ஆனால் அத்தை ஆஸ்பத்திரிக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்துப் படுக்கையில் இருந்தவளுக்கு வெந்நீர் வாங்கித் தருவதற்காகப் போனவள், அடுத்தவளுக்கும் அதற்கடுத்தவளுக்குமாகப் போய்ப் போய், நர்சுகளுக்குப் பழகி, கடைசியில் அந்தப் பெண்கள் வார்டிலேயே ஆயா வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முப்பது வருஷம் அங்கேதான். தன்னைக் குணமாக்கியது அம்மன் தேர் வடம்தான் என்று இன்றுவரை சாதிக்கிறாள். டாக்டர் கத்தியில்லையா என்று நான் சீண்டினால், “வடத்த தொடாம இருந்திருந்தா உங்கம்மா என்னைத் தொட்டிருப்பாளா?” என்பாள்.

அம்மா கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது பீத்துணி துவைத்ததிலிருந்து தலை வாரிவிட்டது வரைக்கும் செய்தது அத்தைதான். ஒருநாள் அம்மா, “எட்டு மாசம் உன்ன தொடாம இருந்தேனே சரோ, எப்டிடி எனக்கு மனசு வந்துது?” என்று கேட்டாள். “உனக்கு மட்டுமா அண்ணி, எனக்கே அப்ப என்னைத் தொடப் புடிக்கல” என்றாள் அத்தை. அதைக் கேட்டு நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

இப்போது அந்த விறகு அறை இல்லை; இடித்துவிட்டு என் தம்பி பைக் நிறுத்துகிறான். நாங்கள் வேங்கிக்கால் பக்கம் வீடு கட்டி வந்துவிட்டோம், அத்தையும் என்னோடுதான். தனித் தட்டு வைக்கிற வீடுகளும் கம்மியாகிவிட்டன. மருந்துக் கடையில் கேட்டதைக் கறுப்புக் கவரில் சுற்றித் தருகிறார்கள், அதைப் பையின் அடியில் போட்டுக்கொண்டு வருகிறோம். இப்போது யாரும் யாரையும் ஒதுக்கி உட்காரவைப்பதில்லை என்று போன மாதம் வரை நானும் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எங்கள் தெருக்கோடி வீட்டு மருமகள், புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், சர்க்கரை கேட்கிற சாக்கில் வந்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பாமல் நின்றாள். உதடு வெளுத்திருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சர்க்கரையைப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அத்தைதான், எழுபதைத் தாண்டிய அந்தக் கண்ணால், அவள் முகத்தைப் பார்த்து, “எத்தினி மாசமா இப்டி இருக்கு?” என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றது. இங்கே வந்து உட்கார் என்று அத்தை கட்டிலைத் தட்டினாள். “வேணாம் பாட்டி, சேலையில பட்ருக்கும்” என்று அவள் பின்வாங்கினாள். அத்தை கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தன் போர்வையின் மேலேயே உட்காரவைத்தாள்.

“நாளைக்குக் காலையில டாக்டரம்மாகிட்ட போலாம், நானும் கூட வரேன்” என்றாள். “உனக்குச் சொல்ல வாய் வரலன்னா நீ சும்மா உக்காந்துகினு இரு. நான் சொல்றேன்.”